படித்த பிறகே தொட வேண்டும்

மதியச் சாப்பாட்டுக்கு வாங்கிய மீ கோரெங் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது விரல் அசைந்தது.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அது என் விரலும் இல்லை. மின்னணுச் சாமான் விற்கும் சிம் லிம் டவரில் ரஞ்சன் அண்ணன் வாங்கிவந்த ஒரு சின்ன மோட்டார், அதில் ஒட்டிய ஐஸ்கிரீம் குச்சி, குச்சியின் நுனியில் திரையில் எழுதும் பேனாவிலிருந்து பிடுங்கிய ரப்பர். அவ்வளவுதான் அது. அலமாரியின் மேல்தட்டில், கணினியில் செருகிய கட்டைவிரல் நகம் அளவுள்ள சாவி ஒன்றின் முன்னால் எப்போதும் தலை குனிந்து நிற்கும். சாவி பச்சையாக மினுங்கினால் இறங்கித் தொடும், தொட்டதும் நிமிர்ந்துகொள்ளும். இப்போது தொட்டது, நிமிர்ந்தது, மீண்டும் தொட்டது. ஆளில்லாத முற்றத்தில் ஒரு பறவை தானியம் கொத்துவது போலிருந்தது.

அன்று எதையும் வெளியிடுவதாக நாங்கள் பேசியிருக்கவில்லை.

சிங்கப்பூர் தேக்காவில், கெர்பாவ் ரோட்டில், பயணப்பெட்டி விற்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ரஞ்சன் அண்ணனும் நானும், இரண்டு பேர்தான் கம்பெனி. செய்திகளைப் பூட்டவும் திறக்கவும் தேவையான கணக்குகளை யாரோ வல்லவர்கள் சி மொழியில் ஒரு நூலகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பைத்தான் மொழியில் வேலை செய்கிறவர்கள் அதை எளிதாகப் பயன்படுத்தும்படி நடுவில் ஒரு நீட்சி செய்து தருவதுதான் எங்கள் தொழில். சொல்வதற்கு எளிது. ஆனால் விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, அதிலும் பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் வேறொன்று என்று, ஒரே பண்டத்தைப் பல அச்சுகளில் வார்த்தெடுக்க வேண்டும். நான் சேர்வதற்கு முன் அண்ணன் இதையெல்லாம் கையால் செய்துகொண்டிருந்தார். நான் வந்து எல்லாவற்றையும் தானாக நடக்கும்படி எழுதினேன். நூலகத்தை இறக்குவது, கட்டுவது, சோதிப்பது, இணையக் கடையில் வைப்பது வரை எதற்கும் ஆள் வேண்டாம்.

மிச்சம் இருந்தது தொடுவது மட்டும். "இது நாங்கள் செய்ததுதான்" என்று ஒவ்வொரு பண்டத்திலும் அந்தச் சாவி கையொப்பம் போடும். மனிதர் ஒருவர் தொட்டால்தான் போடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் அத்தனை பண்டங்களுக்கும் உட்கார்ந்து தொட்டுத் தொட்டு அண்ணனுக்குச் சலித்துவிட்டது. முதலில் ஒரு மீன் உருண்டையைக் குச்சியில் குத்தி முயன்று பார்த்தார். சாவி அதை மனிதத் தோல் என்று நம்பியது. ஆனால் உருண்டை ஒரே நாளில் காய்ந்து நாறியது. பிறகுதான் ரப்பர். எதையும் படித்த பிறகே தொட வேண்டும் என்று நான் வேலையில் சேர்ந்த நாளில் சொன்னவரும் அவர்தான். விரலுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நாங்கள் இருவரும் சிரித்தபடியே கடந்துவிட்டோம்.

நான் எழுந்து விரலின் மின்கம்பியைப் பிடுங்கினேன். அது பாதி குனிந்த நிலையில் நின்றது. கடைசிக் கையொப்பம் ஏற்கெனவே விழுந்திருந்தது.

என்ன நடந்தது என்று பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. தினமும் நண்பகலில் சோதனைக்காக ஒரு பில்ட், அதாவது பண்டங்களைக் கட்டும் வேலை, ஓடும். அதில் எதற்கும் கையொப்பம் கிடையாது. இன்று அது ஓடி முடிந்த கையோடு, நான் சொல்லாமலே, வெளியீட்டுக்கான பில்ட் தொடங்கியிருந்தது. அதைத் தொடங்கியது ஓர் உதவிக் கருவி. எங்கோ யாரோ ஒருவர் இலவசமாகச் செய்து தந்த சின்னக் கருவி. ஒவ்வொரு முறையும் அதன் ஆகப் புதிய வடிவத்தை இறக்கிக்கொள்ளும்படி நான் எழுதியிருந்தேன். நேற்று இரவு வந்த புதிய வடிவம் அந்த மனிதர் செய்தது இல்லை. அவர் பெயரிலிருந்த கணக்குக்குள் வேறு யாரோ நுழைந்திருந்தார்கள். நேற்றுவரை எங்கள் பில்ட்டுகள் எடுத்துக்கொண்டது பழைய வடிவத்தை, அவை சுத்தம். அதை மட்டும் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

பிறகு, புதிதாக வெளியான எங்கள் நீட்சியை ஒதுக்குப்புறமாக இருந்த பழைய மடிக்கணினியில் ஏற்றி, ஒரு ரகசியச் சாவி உண்டாக்கச் சொன்னேன். நீளமான எண் ஒன்று வந்தது. இன்னொன்று கேட்டேன். அதே எண் வந்தது. கணினியை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி கேட்டேன். அதே எண். உலகத்தில் ஒவ்வொருவருக்கும் வேறுவேறாக, யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டிய அந்த எண், கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே வரும். ஓர் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. பூட்டில் எங்கள் கையொப்பம்.

கடையிலிருந்து அதை எடுத்தேன். அதற்குள் பிரதிகள் போய்விட்டிருந்தன. எங்கள் கையொப்பம் உள்ள எதையும் நம்பி எடுத்துக்கொள்ளும் கணினிகள் பல இடங்களில் இருந்தன. அவற்றில் ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும். அது மாலை நான்கு மணிக்கு விழித்து, புதியது ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்கும். அப்படிக் கேட்கும்படி அமைத்துக் கொடுத்ததே நான்தான்.

என் அக்கா ஃபர்சானாவைப் போனில் கூப்பிட்டேன். எனக்கு அவள் லாத்தா.

வீட்டில் அடிபடும் பெண்களுக்கான ஓர் உதவி அமைப்பில் லாத்தா வேலை பார்க்கிறாள். அந்தப் பெண்களின் கைபேசியில் சமையல் குறிப்பு ஆப் ஒன்று இருக்கும். கேசரி, சம்பால் என்று நிஜமாகவே குறிப்புகளும் உண்டு. அதற்குள் இன்னொரு பக்கம் இருப்பது அவர்களுக்கு மட்டும் தெரியும். அங்கே அவர்கள் எழுதுவார்கள், லாத்தா பதில் எழுதுவாள். லாத்தா ஒருபோதும் முதலில் எழுத மாட்டாள். கைபேசி தானாக ஒளிர்ந்தால், அந்த நேரத்தில் அது யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால் எச்சரிக்கை அனுப்பவும் வழியில்லை. அவர்கள் எழுதும்வரை காத்திருக்க வேண்டும். எழுதும்போது அந்த எழுத்தை வேறு யாரும் படிக்கக் கூடாது. அதற்குத்தான் எங்கள் நீட்சி.

"லாத்தா, நாலு மணிக்கு உங்க ஆப் ஒரு கெட்ட வெர்ஷன எடுத்துக்கும்."

"கெட்டதுன்னா?"

"அதுக்கப்புறம் எழுதுறத மத்தவங்க படிச்சிரலாம்."

"மத்தவங்கன்னா யாரு?"

"தெரியாது லாத்தா."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். தெம்பனிஸில் ஒருவர் இன்று மாலை வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். பிள்ளையோடு வெளியே வந்ததும், ஐந்து மணிக்கு மேல், ஒரு மாலின் கீழ்த்தளத்திலிருந்து எழுதுவார். எங்கே வர வேண்டும் என்று லாத்தா அப்போது பாதுகாப்பு இல்லத்தின் முகவரியை அனுப்புவாள். அந்த முகவரி இதுவரை எந்தத் தாளிலும் எழுதப்பட்டதில்லை.

சர்வரை நிறுத்திவிடலாமே என்றேன். அதை வாடகைக்கு விட்டவர்களுக்கு ஒரு போன் செய்தால் போதும்.

"நிறுத்தலாம். அவங்க எழுதுவாங்க, பதில் வராது. போன தடவ பதில் லேட்டாச்சு, புள்ள. ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டுத் திரும்ப வீட்டுக்கே போயிட்டாங்க. போனதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு உனக்கு நான் சொல்ல மாட்டேன்."

அலமாரியில் பாதி குனிந்து நின்ற விரலைப் பார்த்தேன்.

"யாரும் படிக்க முடியாதுன்னு நான் அவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்," என்றாள். "நீ சொன்னத வச்சுத்தான் கொடுத்தேன். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் பார்ப்பேன். உங்கிட்டேருந்து சேதி வரலன்னா நிறுத்திருவேன்."

கருவிக்குள் நுழைந்த அந்தத் திருடனுக்குத் தெம்பனிஸ் அடுக்குமாடியில் வாழும் ஒரு பெண்ணைப் பற்றி என்ன அக்கறை என்று நான் யோசிக்காமல் இல்லை. அனேகமாக எந்த அக்கறையும் இருக்காது. ஆனால் "அனேகமாக" என்ற சொல்லை லாத்தாவிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

சரியான வழி ஒன்றுதான். கெட்ட பதிப்பைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஓர் அறிவிப்பு போட வேண்டும். அதைப் பார்த்தால் எல்லாக் கணினிகளும் அந்தப் பதிப்பைத் தொடாமல் பழையதோடு இருந்துவிடும். வெளியிடுவதற்கு ஒரு சாவி போதும். திரும்பப் பெறுவதற்கு இரண்டு வேண்டும். என்னுடையது ஒன்று, அண்ணனுடையது ஒன்று. கோபத்திலோ பயத்திலோ ஒருவர் மட்டும் எதையும் நிறுத்திவிடக் கூடாது என்று இருவரும் சேர்ந்து வைத்த ஏற்பாடு. இந்த இரண்டு சாவிகளின் பக்கம் விரலை நாங்கள் அண்டவிட்டதில்லை.

அண்ணனுடைய கைபேசி அணைந்திருந்தது. அணைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சன்னலுக்கு வெளியே உறுமிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று தைப்பூசம். மதியம் பெருமாள் கோயிலில் பால் காவடி எடுத்து, டேங்க் ரோடு நோக்கி நடந்துகொண்டிருந்தார் அவர். நாக்கையும் உதட்டையும் சேர்த்துச் சின்ன வேல் ஒன்று குத்தியிருப்பார்கள். போய்ச் சேரும்வரை பேச்சு கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் எடுக்கிறார். எதற்கான வேண்டுதல் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவர் மனைவி சுஷ்மிதா அக்காவின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு எடுத்தார். மேளத்துக்கு மேலே கத்தினார். சிலிகி ரோட்டுக்கு வந்துவிட்டார்களாம், பீஸ் சென்டர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில். அண்ணனின் சாவிக்கொத்து அவர் பையில்தான் இருந்தது. சாவி மட்டும் இருந்து பயனில்லை. அதைத் திறக்கும் ரகசிய எண் அண்ணனின் தலைக்குள் இருந்தது.

என்னுடைய வேலை மடிக்கணினியை மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். சிராங்கூன் சாலை வழியாக ஓடினால் கூட்டத்தைக் கிழித்துப் போக முடியாது. லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் டோபி காட். அங்கே இறங்கி எதிர்த்திசையில் நடந்தால் அவர்களே என் முன்னால் வந்துசேர்வார்கள்.

எஸ்கலேட்டரில் இறங்கும்போதே கணினியைத் திறந்தேன். ரயிலில் உட்கார இடமில்லை. மஞ்சள் சேலைக்காரர் ஒருவரின் முதுகில் கணினி இடிக்காமல் ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் அறிவிப்பை எழுதும் நிரலை ஓட்டினேன். அதுவும் நான் எழுதியதுதான். அது வரிவரியாகக் கேட்டது: காரணம் என்ன, யார் கேட்கிறார்கள், எந்தப் பதிப்பு. சுரங்கத்துக்குள் ரயில் திரும்பியது. கதவுக்கு மேலே நிலையத்தின் பெயர் ஒளிர்ந்தது. கூட்டம் நகரத் தொடங்க, அடுத்தடுத்து என்டரைத் தட்டிக்கொண்டே போனேன். என் சாவி மினுங்கியது. தொட்டேன். ஒரு கையொப்பம் விழுந்தது. இன்னொன்று பாக்கி.

வெளியே வெயில் சுண்ணாம்பு போலிருந்தது. சாலையின் ஒரு பாதியைத் தடுப்பு வைத்துக் காவடிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மறு பாதியில் பேருந்துகள் ஊர்ந்தன. நான் தடுப்பின் இடைவெளியில் நுழைந்ததுமே தொண்டூழியர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். கழுத்தில் துண்டு, உரத்த குரல், முகத்தில் வழியும் வேர்வை.

"ஹலோ தங்கச்சி, எங்க? இது காவடி லேன் லா."

காவடி எடுத்து வரும் ஒருவரைப் பார்க்க வேண்டும், அலுவலக விஷயம், ரொம்ப அவசரம் என்றேன். அவர் என் தலைத்துணியையும் மடிக்கணினியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூசத்தன்னிக்குமா ஆபீஸு? உங்க பாஸ் அவ்ளோ மோசமா?"

"அவருதான் பாஸு."

அவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். பிறகு என் காலைக் காட்டினார். "ஷூவ கழட்டி அந்த ஓரமா வச்சிட்டுப் போங்க. நிக்காதீங்க, என்ன? நின்னா பின்னாடி எல்லாம் ஜாம் ஆயிரும்."

தார்ச்சாலை பாதத்தைச் சுட்டது. தண்ணீர் தெளித்திருந்த இடங்களாகப் பார்த்துத் தாவித் தாவி நடந்தேன். மயில்தோகை வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லா முகங்களும் ஒரே முகம் போல, தூரத்தில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கும் முகங்களாக இருந்தன. ரஞ்சன் அண்ணனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தினமும் எதிர்மேசையில் உட்கார்ந்து சூயிங்கம் கிடைக்காத ஊர் என்று அலுத்துக்கொள்கிற மனிதர், நெற்றி நிறையத் திருநீறும் உதட்டின் குறுக்கே வெள்ளி வேலும் தோளில் காவடியுமாக, யாரோ ஒருவராக வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நடந்த சுஷ்மிதா அக்காவைப் பார்த்துத்தான் நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

"ஏம்மா ஃபஸீலா, இந்த ஒரு நாளாவது விட மாட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே பையைத் துழாவிக் கொத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் நிற்கவில்லை. நிற்க முடியாது. நான் அவருக்கு முன்னால் திரும்பிப் பின்னோக்கி நடந்தபடி சொன்னேன். விரல் அசைந்ததையும் கருவி மாறியிருந்ததையும் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்ததையும் சொன்னேன். நான்கு மணிக்கு லாத்தாவின் ஆப் எடுத்துக்கொள்ளும் என்பதையும், தெம்பனிஸ் பெண் மாலை எழுதுவார் என்பதையும் சொன்னேன். எழுதும்போது பதில் வர வேண்டும், வேறு யாரும் அதைப் படிக்கவும் கூடாது என்றேன். அவர் கண் என்மேல் இருந்ததா, எனக்குப் பின்னாலிருந்த ஏதோவொன்றின்மேலா என்று தெரியவில்லை. விரல் என்றபோது மட்டும் அவருடைய புருவம் ஒருமுறை சுருங்கியது.

அவருடைய சாவியைக் கணினியில் செருகி, திரையை அவர் பக்கம் திருப்பித் தூக்கிப் பிடித்தேன். வெயிலில் திரை கண்ணாடியாகிவிட்டது. அதில் மயில்தோகையும் வானமும் ஒரு கட்டடத்தின் விளிம்பும் தெரிந்தன. எழுத்துகள் தெரியவில்லை. அவர் கையை நீட்டவில்லை.

"சாவியோட ரகசிய எண்ண மட்டும் அடிங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

அவர் கை காவடியின் கம்பிலேயே இருந்தது.

"படிச்சுக் காட்டும்மா," என்றார் சுஷ்மிதா அக்கா. "படிக்காம அவரு தொடுவாரா? உனக்குத் தெரியாததா?"

படித்தேன். பின்னோக்கி நடந்துகொண்டே, கணினியை என் முகத்துக்கு நேராக இழுத்துக்கொண்டு, மேளத்துக்கு மேலே சத்தமாக. இந்த நீட்சி உண்டாக்கும் ரகசிய எண்கள் ஊகிக்கக்கூடியவையாக உள்ளன, எனவே கீழே கையொப்பமிட்ட இருவரும் இதன் எல்லாப் பதிப்புகளையும் திரும்பப் பெறுகிறோம், இவற்றை எந்தக் கணினியும் ஓட்டக் கூடாது என்று படித்தேன். வேடிக்கை பார்க்க நின்றிருந்த சீனத் தம்பதி ஒன்று என்னைப் படமெடுத்தது. அதுவும் சடங்கின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணன் தலையை அசைத்தார். இல்லை என்று. மிகச் சிறிய அசைவு; வேலின் நுனியில் வெயில் இடமும் வலமும் நகர்ந்தது.

விரதத்தின் நடுவில் இதையெல்லாம் தொடக் கூடாது என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க வெட்கமாகவும் இருந்தது. கணினியின் மூலையில் நேரம் பார்த்தேன். லாத்தா சொன்ன பத்து நிமிடத்தைக் கழித்தால், மிச்சம் கொஞ்சம்தான்.

"அண்ணே, அவங்க பிள்ளையோட வெளிய வராங்க."

மறுபடி அதே அசைவு. ஆனால் இம்முறை கண் என்மேல்தான் இருந்தது. அது தொலைவில் எதையோ கேட்கும் முகம் இல்லை. என் நிரலில் பிழை பார்க்கும்போது எதிர்மேசையில் இருக்குமே, அந்த முகம்.

"இன்னொருக்கா படி," என்றார் அக்கா. "மெதுவா."

மெதுவாகப் படித்தேன். ரகசிய எண்கள் ஊகிக்கக்கூடியவையாக உள்ளன. எனவே கீழே கையொப்பமிட்ட இருவரும் இதன் எல்லாப் பதிப்புகளையும்.

எல்லாப் பதிப்புகளையும்.

ரயிலில் எந்தப் பதிப்பு என்று கேட்ட வரியில் நான் ஒன்றும் எழுதாமல் தட்டியிருந்தேன். ஒன்றும் எழுதாவிட்டால் எல்லாம் என்று எடுத்துக்கொள்ளும்படி அந்த நிரலை எழுதியதும் நான்தான். இது போயிருந்தால் கெட்ட பதிப்போடு நல்ல பதிப்பும் போயிருக்கும். லாத்தாவின் ஆப் அந்தக் கணமே மூச்சை நிறுத்தியிருக்கும். தெம்பனிஸில் அந்தப் பெண் மாலின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, பதில் வராத திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். திருடனோ யாரோ தேவைப்பட்டிருக்க மாட்டார்கள். நானே போதுமாக இருந்திருப்பேன்.

"எல்லாம் இல்ல, இன்னைக்கு வந்தது மட்டும். அதுதானேண்ணே?" என்றேன்.

அவர் கண்களை ஒருமுறை மூடித் திறந்தார்.

நின்று எழுத முடியாது. பின்னால் அடுத்த காவடி நெருங்கிவிட்டது. இடது கையில் கணினியைத் தாங்கி, வலது கையால் மறுபடி முதலிலிருந்து நிரப்பத் தொடங்கினேன். முதுகுப் பக்கம் ஒரு குரல் கேட்டது. என்னை உள்ளே விட்ட அதே தொண்டூழியர். நான் தடுக்கி விழுந்துவிடுவேன் என்று கூடவே வந்திருக்கிறார். என்னைத் தொடாமல், ஒரு கையை என் முதுகுக்குப் பின்னால் காற்றில் விரித்துக்கொண்டு வழி சொன்னார். "லெஃப்ட் தங்கச்சி, கொஞ்சம் லெஃப்ட். டிரெய்னேஜ் மூடி இருக்கு, சூடா இருக்கும், பாத்து. ஆங், இப்ப ஸ்ட்ரெய்ட்." நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதிப்பு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அடித்தேன். அடித்ததை வாய்விட்டுச் சொன்னேன். என் சாவி மினுங்கியது. உடனே தொடவில்லை. முழு அறிவிப்பையும் தலையிலிருந்து கால்வரை மறுபடி சத்தமாகப் படித்தேன், அண்ணனுக்காகவும் எனக்காகவும். படித்து முடித்துத் தொட்டேன்.

அவர் காவடியை இடது தோளுக்கு நகர்த்திக்கொண்டார். சுஷ்மிதா அக்கா ஒரு பக்கத்தைத் தாங்கப் போனார். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். வலது கை காவடியை விட்டு வந்தது. திருநீறு படிந்த ஆள்காட்டி விரல் விசைகளின்மேல் ஒவ்வொன்றாக இறங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த எண்ணை நான் பார்க்கக் கூடாது. திரும்பியபோது சாவி பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் தொட்டார்.

அறிவிப்பு உடனே போகவில்லை. அத்தனை கூட்டத்திலும் எல்லோர் கைபேசியும் ஒரே நேரத்தில் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் வட்டம் சுற்றியது. பினாங்கு சாலைத் திருப்பம் வந்தது. வட்டம் சுற்றியது. கணினியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், உயரத்தில் காற்று வேறாக இருக்கும் என்பதுபோல. தொண்டூழியர் ஒன்றும் புரியாமல் தானும் அண்ணாந்து பார்த்தார். இறக்கிப் பார்த்தபோது வட்டம் இல்லை. ஏற்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

லாத்தாவைக் கூப்பிட்டேன். வேறொரு அழைப்பில் இருந்தாள். சர்வர்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. நிறுத்த வேண்டாம், சரியாகிவிட்டது என்று எழுதி அனுப்பினேன். அதே செய்தியை மறுபடி அனுப்பினேன். நான்கு மணி அடித்தபோது நாங்கள் கிளமென்சோ அவென்யூவில் நடந்துகொண்டிருந்தோம். எங்கேயும் எதுவும் அடிக்கவில்லை என்பதுதான் உண்மை. கைபேசியில் எண்கள் மாறின, அவ்வளவுதான். அதன் பிறகே லாத்தாவின் பதில் வந்தது. நிறுத்தச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தவள், பாதியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஆப் பழைய பதிப்பிலேயே ஓடுகிறது என்றும் எழுதியிருந்தாள். மற்றது எதையும் எழுதவில்லை.

நான் விலகிப் போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை. டேங்க் ரோடுவரை அவர்களோடு நடந்தேன், இம்முறை முன்னோக்கி. அண்ணன் உள்ளே போனார். சுஷ்மிதா அக்கா எனக்கு ஒரு பாக்கெட் சோயா பால் கொடுத்துவிட்டு அவர் பின்னால் போனார். எதிர்ப்புற நடைபாதையில் உட்கார்ந்து கைபேசியை மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து மணி ஆனது. ஐந்தரை ஆனது. தெம்பனிஸ் மாலின் கீழ்த்தளம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ரொட்டிக் கடை வாசனை, ஓடும் பிள்ளைகள், நகரும் படிகளின் அடியில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் முகம் இல்லாத ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தேன். அவர் கைபேசியைக் கையில் எடுப்பதும் பைக்குள் வைப்பதுமாக இருந்தார். அவர் எழுந்து வந்த வழியே திரும்பிப் போவதைப் பார்த்துவிடுவேனோ என்று பயந்து, நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் வெளியே வந்தார். வாயிலிருந்த வேலைக் கழற்றியிருந்தார்கள். உதட்டில் திருநீற்றை அப்பியிருந்தார். என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். வாயைத் திறந்து மூடிப் பார்த்தார், பேச்சு இன்னும் இருக்கிறதா என்று சோதிப்பவரைப் போல.

"எழுதிட்டாங்களா?" என்றார். நாக்கு தடித்திருந்தது.

"தெரியலண்ணே."

அவர் தலையாட்டினார். எழுந்து போகவில்லை. சுஷ்மிதா அக்கா ஒருமுறை கூப்பிட்டார். சாப்பிடலாமே, இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லையே என்றார். அவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அக்காவும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

கைபேசி ஒலித்தபோது மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எழுதுனாங்க," என்றாள் லாத்தா. "பதிலும் போட்டுட்டேன்."

"வந்துட்டாங்களா?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? நீ வீட்டுக்குப் போ." குரலில் கண்டிப்பு இருந்தது, ஆனால் அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு கதவு திறந்து மூடியது. ஒரு குழந்தை, இங்கே டீவி இருக்கா என்று யாரிடமோ கேட்டது. லாத்தா கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு இணைப்பு நின்றுபோனது.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. சோயா பாலில் மிச்சமிருந்ததை அவரிடம் நீட்டினேன். வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார்.